ஒரே தாளில் இரண்டு வீடு

வீடு கட்ட நகராட்சியில் கொடுக்கும் வரைபடத்தில் மனையைச் சுற்றி நான்கு பெயர் எழுதியிருக்கும். வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் வீடு, கிழக்கே தெரு, மேற்கே தோட்டம். அவ்வளவுதான். அந்த இன்னார் வீட்டுச் சன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது, அவர் கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது, நடுச்சுவர் யாருடையது, அது எதன்மேல் நிற்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் வராது. புதிதாகப் பிரித்த மனைகளில் இதனால் பெரிய கெடுதல் இல்லை, பக்கத்தில் முள்செடிதான் இருக்கும். மூன்று தலைமுறையாக வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தெருவில் ஒரு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, தாளில் விடுபட்ட அந்த இடத்திலிருந்துதான் வழக்கு கிளம்புகிறது.

2011-ல் திண்டிவனம் முன்சீப் கோர்ட்டில் அப்படி ஒரு வழக்கில் பிரதிவாதிக்காக ஆஜரானேன். கட்டியவர்தான் என் கட்சிக்காரர். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்கக் குவார்ட்டர்ஸிலேயே இருந்தவர், ஓய்வுப் பணத்தில் சொந்த வீடு கட்ட நினைத்தார். மூத்த மகன் பைபாஸ் ஓரம் மனை பார்த்து வைத்திருந்தான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏரிக்குப் பக்கத்துல வாங்கிட்டு வருஷா வருஷம் தண்ணி எறைக்க என்னால ஆகாது சார். திண்டிவனத்துல எங்கப்பா வூடு இடிஞ்சி கெடக்குது. அங்கயே கட்டிக்கிறேன்னுட்டேன்" என்றார்.

அவர் முடிவு சரியானது என்று அன்றே நினைத்தேன். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது அந்த எண்ணம் உறுதியாயிற்று. விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் தண்ணீரில் மூழ்கியது. தாழ்வான இடங்களில் மனை போட்டுக் கட்டிய குடியிருப்புகளிலிருந்து மக்களைப் படகில் மீட்டார்கள். ஊருக்குள் சாலையும் குழாயும் பள்ளிக்கூடமும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் பாழடைந்து கிடக்கும் வீடுகளை எடுத்துக் கட்டுவதுதான் நம் மாவட்டத்துக்கு நல்லது. அப்படிக் கட்டுவதற்குப் பக்கத்து வீட்டைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். என் கட்சிக்காரருடைய இன்ஜினியர் அதைப் பார்க்கவில்லை.

திந்திரிணீசுவரர் கோயிலை ஒட்டிய பழைய தெரு அது. மனை முன்பக்கம் 18 அடி, உள்நீளம் 80 அடி. அவர் அப்பா காலத்து வீடு திண்ணை, நடை, முற்றம், கூடம், பின்கட்டு என்று நீளவாக்கில் போகும் நாட்டு ஓட்டு வீடு. வடபக்கத்து வீடும் அதே காலத்தது. இரண்டுக்கும் நடுவில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒரே சுவர், இரண்டு பேருடைய பத்திரத்திலும் 'பொதுச்சுவர்' என்றே கண்டிருந்தது. வடபக்கத்து வீட்டார் 1978-ல் அந்தப் பொதுச்சுவர் மேலேயே ஒரு மாடி அறை எழுப்பி, தென்புறம் இரண்டு சன்னல் வைத்தார்கள். சன்னல்கள் என் கட்சிக்காரர் வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலே திறந்தன. அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பெண் கணவரை இழந்த பிறகு மாடி அறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தார். அவரை என் கட்சிக்காரர் பேசும்போதெல்லாம் அக்கா என்றுதான் சொல்வார், அவர் மேல் கோபமாகப் பேசும்போதும்.

ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, தரைத்தளமும் இரண்டு மாடியுமாகத் திட்டம் போட்டார்கள். பழைய தெருக்கள் விதிகளில் தொடர் கட்டடப் பகுதி என்று வரும். அங்கே பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பொதுச்சுவரை ஒட்டி ஐந்தடிக்குக் குழி பறித்தபோது அந்தம்மா வீட்டுக் கூடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியது. மேஸ்திரி சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனார். பிறகு முதல் மாடிச் சுவர் எழும்பி அந்தச் சன்னல்களின் அடிக்கட்டையைத் தொட்டது. மறுவாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸையும் ஒப்புதல் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் என் ஆபீசுக்கு வந்தார். "ஒரு அங்குலம் மீறல சார். முத்திரையோட கையில இருக்குது. இதுக்கு மேல அக்கா இன்னா கேஸ் போட முடியும்?" என்று கேட்டார்.

போட முடியும் என்றேன். கட்டட ஒப்புதல் என்பது உங்களுக்கும் நகராட்சிக்கும் உள்ள சங்கதி. விதிப்படி கட்டினால் நகராட்சி இடிக்க வராது என்பதுதான் அதன் பொருள். பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் நிலத்தின்மேல் ஒரு பாத்தியம் இருந்தால் அந்த முத்திரை அதை அழிக்காது. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம் முதலில் அமலுக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 15-ஆவது பிரிவின்படி, ஒரு கட்டடத்துக்கு வெளிச்சமும் காற்றும் 20 வருஷம் தடையில்லாமல், சண்டை சச்சரவில்லாமல் வந்திருந்தால் அது உரிமையாகிவிடும். அடுத்தவர் நிலமோ அதிலுள்ள கட்டுமானமோ ஒரு கட்டடத்துக்குத் தாங்கலாக 20 வருஷம் இருந்திருந்தாலும் அப்படியே. அந்த 20 வருஷம், வழக்கு போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். அதாவது மறைத்த பிறகு இரண்டு வருஷம் வாளாவிருந்தால் உரிமை போய்விடும். அந்தம்மா ஒரு வாரம்கூடத் தாமதிக்கவில்லை. மாடி அறை கட்டி 33 வருஷம். மாடி அறைக்கும் சேர்த்துத் தீர்வை போட்ட பழைய வீட்டு வரி ரசீது அவர்களிடம் இருந்தது.

வாதாட இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 28-ஆவது பிரிவு, அந்தச் சன்னலுக்குள் அத்தனை வருஷமும் எவ்வளவு வெளிச்சம் வந்ததோ அவ்வளவும் உரிமை என்கிறது. 33-ஆவது பிரிவோ, நஷ்டஈடு கேட்க வேண்டுமானால் கணிசமான பாதிப்பு வேண்டும் என்கிறது. தடை உத்தரவு கேட்பவருக்கும் 35-ஆவது பிரிவு ஏறக்குறைய அதே அளவுகோலைத்தான் வைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் நூறு வருஷமாக வக்கீல்கள் வாதாடுகிறார்கள். 1904-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை கோல்ஸ் வழக்கில், முன்பு வந்த வெளிச்சம் குறைந்தது என்பது மட்டும் போதாது, சாதாரண மனிதர் வசதியாகப் புழங்க வேண்டிய அளவுக்குக் கீழே போனதா என்றே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தது. பிரதிவாதி வக்கீல்கள் எல்லாரும் கையில் எடுக்கும் தீர்ப்பு அது. நானும் எடுத்து வைத்திருந்தேன்.

ஆனால் 33-ஆவது பிரிவின் விளக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உடல் வசதி கெட்டாலோ, அந்த இடத்தில் வழக்கமாகச் செய்துவந்த தொழிலை முன்போல் பலனுடன் செய்ய முடியாமல் போனாலோ அது கணிசமான பாதிப்புத்தான். வாதி தையல்காரர் என்று பிராதில் படித்ததுமே இந்த வரிதான் என் கண்ணில் நின்றது.

இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்று கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது. வாதி தரப்பில், வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டார்கள். பொதுவாக இந்த மனுவைப் பிரதிவாதி தரப்பு எதிர்க்கும். சாட்சியம் திரட்டுவதற்கு ஆணையரைப் பயன்படுத்தக் கூடாது என்று நாலு தீர்ப்பைக் காட்டும். நான் ஆட்சேபிக்கவில்லை. ஆணையரோடு கட்டட இன்ஜினியர் ஒருவரும் போக வேண்டும், இரண்டு வீட்டையும் சேர்த்து ஒரே தாளில் வரைந்து தாக்கல் செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் வயதில் மூத்தவர், என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

காலை பதினொரு மணிக்கு மாடி அறைக்குப் போனோம். ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கச் சொன்னார் ஆணையர். தென்புறச் சன்னல் இரண்டில் கிழக்கோரத்ததில் இன்னும் சுவர் ஏறவில்லை, அங்கே தரையில் வெயில் கிடந்தது. மேற்கோரச் சன்னலுக்கு வெளியே ஒரு சாண் இடைவெளியில் பூசாத செங்கல் சுவர் முக்கால் வாசி மறைத்திருந்தது. தையல் மெஷின் இருந்தது அந்த மேற்கோரச் சன்னலடியில்தான். ஆணையர் குனிந்து தரையைப் பார்த்தார். சிவப்பு ஆக்சைடு தரை. மெஷினின் இரும்புக் கால்கள் நான்கும் நின்ற இடத்தில் சிவப்பு தேய்ந்து, அடியிலிருந்த சாம்பல் நிறச் சிமெண்டும் தேய்ந்து, கட்டைவிரல் பதியும் அளவுக்கு நான்கு குழி விழுந்திருந்தது. உட்காரும் முக்காலிக்கும் அப்படியே மூன்று தடம். அளந்து குறித்துக்கொண்டார்கள். எத்தனை வருஷமாக அந்த மெஷின் அதே இடத்தில் நிற்கிறது என்று இதற்குமேல் ஒரு சாட்சி வந்து சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்தரப்புச் சாட்சியத்தை நான் அங்கேயே நின்று பார்த்துவிட்டேன்.

"கலர் துணியெல்லாம் லைட்டுல தெச்சிடுவேங்க ஐயா. கறுப்புத் துணிதான் முடியல. நூலு தெரிய மாட்டேங்குது" என்றார் அந்தம்மா ஆணையரிடம். வேறெதுவும் பேசவில்லை. கீழே இறங்கி வரும்போது என் கட்சிக்காரரைப் பார்த்து, "காபி குடிக்கிறியா தம்பி" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்.

இன்ஜினியரின் வரைபடம் பத்து நாளில் வந்தது. இரண்டு வீட்டையும் நெடுக்காகவும் குறுக்காகவும் வெட்டிக் காட்டியிருந்தார். அதை என் மேசையில் விரித்துப் பார்த்தபோதுதான் யாரும் பேசாத விஷயம் தெரிந்தது. என் கட்சிக்காரர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் நடுப்பகுதிக்கே வெளிச்சம் கிடையாது. 18 அடி அகலம், 80 அடி நீளம், இரண்டு பக்கமும் அடைப்பு. தெருப்பக்க அறைக்கும் பின்பக்க அறைக்கும் மட்டும் சன்னல். நடுவில் வரும் கூடமும் படுக்கை அறையும் பகலிலும் விளக்குப் போட வேண்டிய இடங்கள், மூன்று தளத்திலும். அந்தம்மாவின் மாடியை இருட்டாக்கும் அதே சுவர்தான் இவர் மருமகளின் அறையையும் இருட்டாக்கியது. ஒப்புதலான வரைபடத்தில் அந்தப் படுக்கை அறைக்கு 'வெ' என்று ஒரு வெண்டிலேட்டர் குறித்திருந்தது. அது பொதுச்சுவரைப் பார்த்துத் திறந்தது.

பழைய வீட்டில் அந்த இடத்தில் என்ன இருந்தது? முற்றம். பதினெட்டு அடி மனையில் எண்பது அடி உள்ளே போகும் வீட்டுக்கு நடுவில் வானம் தெரிந்தால்தான் குடியிருக்க முடியும் என்று அவருடைய அப்பா காலத்துக் கொத்தனாருக்குத் தெரிந்திருந்தது. புது வரைபடம் முற்றத்தை வீணான சதுர அடியாகக் கணக்கிட்டு மூடிவிட்டது. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி போய்விடலாம். அங்கே வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உள்ள தமிழ் வீடுகளின் வரிசையை இன்டாக் அமைப்பு சீரமைத்து, அதற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது. அந்தத் தெருவில் நடந்து பார்த்தால் ஒவ்வொரு வீடும் தன் பக்கத்து வீட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கட்டப்பட்டது என்பது விளங்கும். பழையதை அப்படியே திரும்பக் கட்டச் சொல்லவில்லை. இரும்பும் கான்கிரீட்டும் இருக்கும்போது மூன்று மாடி தாராளமாகக் கட்டலாம். நடுவில் வானத்தை விட்டுவிட்டுக் கட்ட வேண்டும்.

என் கட்சிக்காரரையும் இரண்டு மகன்களையும் உட்காரவைத்துச் சொன்னேன். இப்போதைய இன்ஜினியர்கள் ஓ.டி.எஸ். என்று சொல்கிறார்களே, அதுபோல வானம் பார்த்த திறப்பு ஒன்றை அந்தச் சன்னல்களுக்கு நேராக வையுங்கள். ஆறடிக்குப் பன்னிரண்டடி. அவர்களுக்கும் வெளிச்சம், உங்களுக்கும் வெளிச்சம். மாடிப்படியைப் பின்னால் தள்ளினால் இடம் வருகிறது, இன்ஜினியர் போட்டுக் காட்டியிருக்கிறார். மூத்தவன் கணக்குப் போட்டான். தளத்துக்கு 72 சதுர அடி, மூன்று தளத்துக்கு 216. "இன்னைக்கு ரேட்டுக்கு ஒரு ரூமே போவுது சார். கேஸ நடத்துங்க, ஜெயிச்சிடலாம்" என்றான். ஜெயிக்கலாம், தோற்கலாம். முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தாலும் அவர்கள் அப்பீல் போவார்கள். பாதிக் கட்டடம் மழையில் கம்பி துருவேறி நிற்கும். ஜெயித்தாலும் உன் அறை இருட்டுத்தான் என்றேன். அவனுக்கு உறைத்தது கடைசி வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். இளையவனின் மனைவி அப்போது அறைக்குள் வந்து அந்த வரைபடத்தில் எது யாருடைய அறை என்று கேட்டு, தன் அறையில் விரலை வைத்து, "எங்க ரூமுக்கு சன்னலே இல்லையா?" என்றாள். அதற்குப் பிறகு விவாதம் நீளவில்லை.

சமரச நிபந்தனைகளை எழுத எதிர்த்தரப்பு வக்கீலும் நானும் மூன்று மாலைப்பொழுது உட்கார்ந்தோம். வழக்கு அனுபவம் என்று எழுத உட்கார்ந்தால் குறுக்கு விசாரணையைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு இந்த நிபந்தனைகள்தான் மனத்துக்கு நெருக்கமானவை. திறந்த வெளியை எந்தக் காலத்திலும் தளம் போட்டோ பாலிகார்பனேட் ஷீட் போட்டோ மூடக் கூடாது. சன்னலுக்கு எதிரே வரும் சுவருக்கு வெள்ளையே அடிக்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தையல் மெஷினுக்குப் போதும் என்று இன்ஜினியர் விளக்கிச் சொன்னதால் வந்த நிபந்தனை இது.

பொதுச்சுவர்மேல் இரண்டு பேரும் இனி பாரம் ஏற்றக் கூடாது. புதுக் கட்டடத்தில் இனி போடும் தூண்கள் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். ஏற்கெனவே சுவரோரம் போட்ட அடித்தளத்தை உள்பக்கத் தூண்களோடு இணைப்பு பீம் போட்டுக் கட்ட வேண்டும். மனையின் விளிம்பில் தூண் நின்றால் அதன் அடித்தளத்தை அடுத்தவர் நிலத்துக்குள் நீட்ட முடியாது, பாரம் ஒரு பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வைத்தான் இணைப்பு பீம் வாங்கிக்கொள்கிறது. ஊருக்குள் கட்டும் வீடுகளில் இதைச் செய்யாமல் விட்டதால் விரிசல் விட்ட பக்கத்து வீடுகளை விழுப்புரத்தில் நேருஜி சாலைக்குப் பின்னால் உள்ள தெருக்களிலும் பார்த்திருக்கிறேன். கூடத்து விரிசலைப் பிரித்துக் காரை செலுத்தி அடைக்கும் செலவு என் கட்சிக்காரருடையது.

பின்கட்டில் அந்தம்மா வீட்டு அடுப்படி ஓட்டுத் தண்ணீர் எங்கள் தோட்டத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதுவும் வெகுகால அனுபோகம். பி.வி.சி. குழாயைப் பாதியாக அறுத்து ஓட்டு நுனியில் பொருத்தி, அந்தத் தண்ணீரை என் கட்சிக்காரர் வீட்டு மழைநீர்த் தொட்டிக்கு விடுவது என்று முடிவாயிற்று. 2003 முதல் கட்டடத்துக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், எப்படியும் அவர் தொட்டி கட்டத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுத் தண்ணீரும் சேர்ந்தால் அவர் கிணற்றுக்கு லாபம்.

எங்கள் தரப்பிலும் ஒன்று கேட்டோம். சன்னல் இப்போது எங்கள் வீட்டு உள்வெளியைப் பார்த்துத் திறக்கிறது. இரண்டு மருமகள்கள் புழங்கும் இடம். பக்கத்து வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புதுச் சன்னல் வைக்கக் கூடாது என்ற ஊர் வழக்கத்தை ஈஸ்மெண்ட் சட்டத்தின் 18-ஆவது பிரிவே உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் ஊரில் உண்டு என்று நிரூபித்தால்தான் அது செல்லும், அதுவும் இவை பழைய சன்னல்கள். சட்டப்படி எங்களுக்கு அழுத்தமான பிடி இல்லை. ஆனாலும் அந்தம்மா சன்னலின் கீழ்ப்பாதிக்கு உருவம் தெரியாத கண்ணாடி போட ஒத்துக்கொண்டார். வெளிச்சம்தான் தனக்கு வேண்டும், பார்வை வேண்டாம் என்றார்.

திருத்திய வரைபடத்தை மறுபடி ஒப்புதலுக்குக் கொடுத்து வாங்கி, சமரசத் தீர்ப்பாணையின் இணைப்பாகச் சேர்த்தோம். ஒரே தாளில் வரைந்த இரண்டு வீடு தீர்ப்பாணையின் பகுதியாயிற்று.

அதற்குப் பிறகு என்னிடம் ஊருக்குள் கட்டும் வீடு சம்பந்தமாக யார் வந்தாலும் முதலில் கேட்பது அந்த மாதிரி வரைபடத்தைத்தான். பலர் வேறு நம்பிக்கையில் வருகிறார்கள். மீறிக் கட்டிவிட்டால் பிறகு பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்தபோது தொடங்கிய பழக்கம் இது. 2000-ல் உச்ச நீதிமன்றம் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் வழக்கில் அந்தப் பிரிவை ஒருமுறைச் சலுகை என்ற அளவில் ஏற்றுக்கொண்டது, அரசு அதற்கு முன் தாராளமாகக் கொடுத்திருந்த 62 விலக்கு ஆணைகளை ரத்து செய்தது. 2024 டிசம்பரில் இன்னும் கடுமையாக, பணி நிறைவுச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், குடிநீர் இணைப்புகூடக் கொடுக்காதே என்றது. வரன்முறை கிடைத்தாலும் அது அரசுக்கும் கட்டியவருக்கும் நடுவில்தான். பக்கத்து வீட்டின் இருட்டை எந்தக் கட்டணமும் வரன்முறைப்படுத்தாது.

2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. அதே மனையில் இனி கூடுதலாகக் கட்டலாம். ஊருக்குள் குடியிருப்பு பெருக இது தேவைதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் தொடர் கட்டடப் பகுதியில் பக்கவாட்டு இடைவெளி இல்லாமல் இத்தனை உயரம் எழும்பும்போது, ஒப்புதல் வரைபடத்தில் பக்கத்துச் சுவர்களின் சன்னலையும் கூரைச் சரிவையும் அடித்தளத்தையும் காட்ட வேண்டும் என்று ஒரு விதி கூடவே வந்திருக்க வேண்டும். ஓர் இன்ஜினியருக்கு அது அரை நாள் வேலை. அந்த அரை நாள் வேலையைச் செய்யாததால் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் வழக்குகள் திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊர்க் கோர்ட்டுகளிலும் கிடக்கின்றன.

அந்தம்மா காலமான பிறகு அவர் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் போன வருஷம் இடித்துக் கட்டப் போவதாக என்னிடம் வந்தார். என் பழைய கட்சிக்காரருக்கு எதிராக நான் ஆஜராக முடியாது, வேறு வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லி, தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் எங்கே வாங்கலாம் என்பதை மட்டும் சொன்னேன். அதில் உள்ளது இருவருடைய வாரிசுகளையும், வாங்கியவர்களையும் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருக்கிறோம். ஈஸ்மெண்ட் சட்டத்தின் 51-ஆவது பிரிவும் அவருக்குத் துணை. இடிந்த கட்டடத்தை 20 வருஷத்துக்குள் அதே இடத்தில், அடுத்தவர் நிலத்துக்குக் கூடுதல் பாரம் இல்லாமல் திரும்பக் கட்டினால் பழைய பாத்தியம் உயிர்பெறும். சன்னல்களை அதே உயரத்தில் அதே அளவில் வைத்தால் ஆறடிக்குப் பன்னிரண்டடி வெளிச்சம் அவருக்கும் உண்டு. அவர் இன்ஜினியர் இப்போது அந்த இணைப்பு வரைபடத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் திறந்த வெளிக்கு நேராகத் தன் பக்கமும் ஒன்று விட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.